கணப்பு இல்லாத வீட்டில் ஒரு பனிக்காலம்

நவம்பர் மூன்றாவது வாரம், காலை ஐந்தரை மணி. அலமாரி மேல் வைத்திருந்த சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் 10.4 டிகிரி காட்டியது. அது வெளிக்குளிர் அல்ல. எட்டு மாதக் குழந்தையும் எழுபத்திரண்டு வயது மாமியாரும் படுத்திருந்த அறைக்குள் இருந்த குளிர். அன்றைக்கே ஒரு நோட்டு போட்டேன். காலையும் மாலையும் வெப்பநிலை, ஈரப்பதம், அன்று வீட்டில் என்ன மாற்றினோம், அதனால் என்ன ஆனது என்று பிப்ரவரி முடியும்வரை எழுதிவந்தேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஈரோட்டுக்காரர்கள். கணவருக்கு மாற்றலாகி ஜூலையில் ஊட்டிக்கு வந்தோம். ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காந்தல் பக்கம் ஒரு பழைய வாடகை வீடு. கல் சுவர், தகரக் கூரை, அதற்குக் கீழே பலகை சீலிங், காவி போட்ட சிமென்ட் தரை. ஹாலில் ஒரு கணப்பு இருந்தது. ஆனால் புகைபோக்கியில் விரிசல் விழுந்ததால் வீட்டுக்காரர் எப்போதோ அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். சரி, ஹீட்டர் வாங்கலாம் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஒயரிங் ரொம்பப் பழசு, 2,000 வாட் ஹீட்டரை ராத்திரி முழுக்க ஓட்டினால் தாங்காது என்றார். ஆக, வீட்டைச் சூடாக்க எங்களிடம் எதுவும் இல்லை.

அத்தை ஒரு வழி சொன்னார். "ஒரு சட்டியில கங்கு அள்ளி ரூமுக்குள்ள வெச்சா கதகதன்னு இருக்கும் அம்மணி." நான் மட்டும் "வேண்டாங்க அத்தை" என்று பிடிவாதமாக நின்றேன். இந்த விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும் இடத்தை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவருக்கு மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது. தூக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் சமைத்த கரி அடுப்பைக் குளிருக்காக அறைக்குள் எடுத்து வைத்துக்கொண்டு காலையில் எழாமலே போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். கங்கில் புகை இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை என்று நினைப்பதுதான் அவர்களைக் கொன்றது. நெருப்பு என்றால் இந்த வீட்டில் சமையலறை அடுப்பும் கொல்லைப்புறச் சாய்ப்பும் மட்டும்தான் என்று அன்றே முடிவு செய்தோம்.

முதல் வேலை, காற்று எங்கே நுழைகிறது என்று பார்ப்பது. இருட்டிய பிறகு, காற்று வீசும் நேரமாகப் பார்த்து, ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னல் ஓரமாகவும் நகர்த்திக்கொண்டே போனேன். புகை நேராக மேலே போனால் அங்கே ஓட்டை இல்லை. சாய்ந்தால், கலைந்தால் அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. ஒரே அறையில் பதினேழு கோடு விழுந்தது. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த பிளவுகளுக்குப் புட்டி. திறந்து மூடும் பகுதிகளுக்குப் பின்பக்கம் பசை உள்ள நுரை டேப். டேப் ஒட்டுவதற்கு முன் மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். அவசரத்தில் நான் துடைக்காமல் ஒட்டிய முதல் ஜன்னலில் மூன்றாம் நாளே டேப் கழன்று தொங்கியது. கதவின் அடி இடுக்குக்குப் பழைய பேன்ட் கால் ஒன்றை வெட்டி, மணல் நிரப்பி, இரண்டு முனையும் தைத்துப் போட்டேன். ஜன்னல்களுக்குப் பவானி ஜமுக்காளம்தான் திரை. ஊரிலிருந்து வரும்போது "அங்க எதுக்கு இத்தனை?" என்று சொல்லிக்கொண்டே கட்டிய மூட்டை அது. திரை ஜன்னலைவிட ஒரு சாண் அகலமாக இருக்க வேண்டும், தரையைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று திரைக்கு அடியில் வழிந்து காலுக்கு வந்துவிடும்.

அடுத்தது, எல்லோரும் ஒரே அறைக்கு மாறினோம். வடக்குப் பக்கம் இருந்த பெரிய படுக்கையறையை விட்டுவிட்டுத் தெற்குப் பக்கத்துச் சின்ன அறை. டிசம்பரில் இங்கே நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்துதான் இருக்கும், தலைக்கு மேல் வராது. அதனால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் விழும். காலை ஒன்பதுக்குத் திரையை விலக்கி, நாலரைக்கு மூடிவிடுவோம். வெயில் விழும் இடத்தில் ஜமுக்காளத்தை மடித்து ஒதுக்கிவிட்டுக் காவித் தரையை வெறுமையாக விட்டேன். கருஞ்சிவப்புத் தரை வெயிலை நன்றாக வாங்கிக்கொண்டு ராத்திரி எட்டு மணிவரை இளஞ்சூடாகவே இருந்தது. வெயில் படாத மற்ற இடங்களில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, மேலே கோரைப்பாய், அதற்கு மேல் ஜமுக்காளம்.

தூங்கும் ஒரு பெரியவர் உடம்பிலிருந்து ஏறக்குறைய 70 வாட் வெப்பம் வெளியே வருகிறது. குழந்தைகளையும் சேர்த்து ஐந்து பேர் ஒரு சின்ன அறையில் படுத்தால் 300 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவான ஹீட்டர் ஒன்று ராத்திரி முழுக்க ஓடுவதற்குச் சமம். அறை எவ்வளவு சிறியதோ அவ்வளவு பலன். தோடர்களின் பழைய வீடுகளை இங்கே பார்த்தபோது இது எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. அரை உருளை வடிவம், மூங்கிலும் பிரம்பும் வளைத்து மேலே புல் வேய்ந்தது, ஜன்னலே கிடையாது, தவழ்ந்து நுழையும் அளவுக்கு ஒரு வாசல். படகர் ஊர்களில் வீடுகள் பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக ஒட்டி நிற்கும். ஒரு வீட்டுக் குளிர்ச் சுவர் அடுத்த வீட்டுக்குள் மறைந்துவிடும். இந்த மலையில் காலங்காலமாக இருப்பவர்கள் முதலில் சிறிதாக்கியிருக்கிறார்கள், ஒட்டியிருக்கிறார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் நோட்டில் காலை அளவு 13.8 என்று இருக்கிறது. மூன்று டிகிரிக்கு மேல் ஏறிவிட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் பக்கத்துக் கட்டத்தில் நானே எழுதிய ஈரப்பதக் கணக்கை நான் கவனிக்கவில்லை. 78, 84, 88, 91 என்று ஏறிக்கொண்டே போயிருந்தது.

முதலில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. குளிர் ஊர்தானே என்று துடைத்துவிட்டேன். அப்புறம் சீலிங் பலகையில் பழுப்புக் கறை. மழையே இல்லாத, நட்சத்திரம் கொட்டிக் கிடந்த ஓர் இரவில் குழந்தையின் தொட்டில் பக்கம் சொட்டு விழுந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னோம். ஆள் அனுப்பினார். அவர் கூரையில் ஏறித் தகரத்தின் ஆணித் துளைகளுக்கெல்லாம் தார் பூசிவிட்டுப் போனார். மறுநாள் இரவும் சொட்டியது. அந்த வாரம்தான் துணி எடுக்க மர பீரோவை நகர்த்தினேன். வெளிச்சுவரை ஒட்டியிருந்த அதன் பின்பலகை முழுக்கக் கரும்பச்சைப் பூஞ்சை. உள்ளே குழந்தையின் கம்பளிச் சட்டைகளில் புள்ளி புள்ளியாக. சின்னவனுக்கு அப்போது பத்து நாளாக இருமல். அந்தச் சட்டைகளைத்தான் நான் தினமும் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பீரோ முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தார். அவர் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். "ஏம்மா, ஜன்னலை இப்படி ஒட்டி வச்சா வீடு எப்படி மூச்சு விடும்? குளிரு போத்திக்கிட்டா போயிடும். ஈரம் வீட்டுக்குள்ள வந்தா போகாது" என்றார். இந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வேலை குளிரோடு அல்ல, ஈரத்தோடுதான் என்று அன்று புரிந்தது.

நடந்தது இதுதான். சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று தாங்காது. 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 17 கிராம் நீரைத் தாங்கும்; அதே காற்று 10 டிகிரிக்குப் போனால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? அந்த அறையிலேயே எது ரொம்பக் குளிர்ந்திருக்கிறதோ அதன் மேல் தண்ணீராகப் படியும். கண்ணாடி, வெளிச்சுவர், பீரோவின் பின்புறம். ஐந்து பேர் மூச்சு, சமையல் ஆவி, உள்ளே கொடி கட்டிக் காயப்போட்ட குழந்தைத் துணி, இத்தனை ஈரமும் முன்பெல்லாம் இடுக்குகள் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. நான் அந்த வழிகளை எல்லாம் டேப் ஒட்டி அடைத்துவிட்டேன்.

கூரைச் சொட்டும் அதேதான். மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். ஊட்டியில் பனி விழுவதெல்லாம் இப்படித் தெளிந்த இரவுகளில்தான். தாவரவியல் பூங்காவில் செடிகளின் மேல் கோத்தகிரி மிலார் என்ற செடியைப் பரப்புவதும் இதற்காகத்தான், செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு வேண்டும். எங்கள் அறை ஈரக்காற்று பலகை இடுக்கு வழியாக மேலே ஏறி, குளிர்ந்த தகரத்தின் அடிப்பக்கம் பட்டு, துளியாகித் திரும்பச் சொட்டியது. தார் பூசி அதை நிறுத்த முடியாது.

டிசம்பர் 14, ஞாயிறு. வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கணவர் சீலிங்குக்கு மேலே ஏறினார். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான். எலிப் புழுக்கையும் பல வருடத் தூசியும் அங்கே கிடந்தன. முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம், பழைய ஒயர்கள் பலகை மேலேயே ஓடின. இரண்டு பக்கச் சுவர் உச்சியிலும் காற்றுப் போக விட்டிருந்த ஓட்டைகளில் யாரோ சாக்கு திணித்திருந்தார்கள். அவற்றை எடுத்துவிட்டு எலி, குருவி வராமல் கம்பிவலை அடித்தார். அப்புறம் தகரக் கூரைக்கு அடியில் போடும் ஃபாயில் ஒட்டிய நுரை ஷீட்டைப் பலகைகளின் மேல் விரித்து, ஒன்றின் மேல் ஒன்று நாலு விரல் ஏறும்படி வைத்து, ஃபாயில் டேப்பால் ஒட்டினார். நாங்கள் படுக்கும் அறைக்கு மேலே மட்டும். ஷீட்டுக்குக் கீழே அறையின் சூடும் ஈரமும் நிற்கும், மேலே தகரத்துக்கு அடியில் வெளிக்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒயர் ஓடிய இடத்தில் ஒரு சாண் விட்டுவிட்டோம். ஐந்து மணி நேர வேலை. அன்றோடு சொட்டு நின்றது. காலை வெப்பநிலை 15 டிகிரியைத் தாண்டியது. ஜன்னல் வேலையெல்லாம் சேர்ந்து கொடுத்ததில் பாதியை இந்த ஒரு வேலை கொடுத்தது. மறுபடி செய்வதாக இருந்தால் நான் கூரையில்தான் தொடங்குவேன்.

ஜன்னல்களில் இரண்டின் டேப்பைப் பிய்த்து எடுத்தேன். தினமும் வெயில் ஏறிய பிறகு, பதினொன்றிலிருந்து ஒன்றுவரை, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுவோம். சுவரும் தரையும் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் காற்று மாறினாலும் அறை ரொம்பக் குளிர்ந்துவிடாது. ஆனால் ஒரு விஷயம். மூடுபனி இறங்கி, வெளியே எல்லாம் சொதசொதவென்று இருக்கும் நாளில் ஜன்னலைத் திறந்து பயனில்லை. வெளிக்காற்றிலும் அதே அளவு ஈரம் இருக்கும். அந்த நாட்களில் வீட்டுக்குள் ஈரம் உண்டாக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்தோம். பூஞ்சை பிடித்த பலகையை வெளியே வெயிலில் போட்டு, சோப்புத் தண்ணீரில் துடைத்து, இரண்டு நாள் காயவிட்டேன். வறண்ட பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டவே கூடாது, அந்தத் தூள்தான் மூச்சில் ஏறும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஜனவரி முதல் வாரத்தில் ஈரப்பதம் 60க்கும் 70க்கும் நடுவே வந்து நின்றது. டாக்டர் கொடுத்த மருந்தும் இதுவும் சேர்ந்து சின்னவனின் இருமல் அடங்கியது.

சமையலையும் மாற்றினேன். இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. கேஸும் போகும், வீடு முழுக்க ஆவியும் நிறையும். குக்கரில் ஒரு விசில் விட்டு, ஒரு மரப்பெட்டிக்குள் பழைய கம்பளிகளைச் சுற்றிலும் திணித்து நடுவே குக்கரை இறக்கி மூடிவிடுவேன். ஒரு மணி நேரத்தில் பருப்பு தானாக மசிந்திருக்கும். சாதம், கொள்ளு, உருளைக்கிழங்கு எல்லாம் இப்படியே. மதியச் சாப்பாட்டை இரவுவரை பெட்டியில் விட்டுவைக்கக் கூடாது. கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கிவிட்டால் கெடத் தொடங்கும், அதற்கு முன்பே சாப்பிட்டுவிட வேண்டும்.

படுக்கைக்கு வருகிறேன். எல்லோரும் மேலே போர்த்துவதற்குத்தான் பணம் செலவழிக்கிறார்கள். ஆனால் உடம்பின் பாரத்தில் அடியில் இருக்கும் மெத்தை நசுங்கி, குளிர் கீழிருந்துதான் ஏறுகிறது. இருந்த இரண்டு தடித்த கம்பளிகளில் ஒன்றை இலவம்பஞ்சு மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே போட்டேன். அன்று ராத்திரி அத்தை ஒரு முறைகூட எழவில்லை. நான்கு மூலைக் கொசுவலைக் கம்பியில் வலைக்குப் பதிலாகப் பழைய நூல் சேலைகளைக் கட்டி, பெரிய கட்டிலைச் சுற்றி ஒரு கூடாரம் போல ஆக்கினோம். சேலை என்பதால் மூச்சு முட்டாது, மேலே ஒரு முழம் திறப்பும் விட்டிருந்தேன். உள்ளே வெளி அறையைவிட இரண்டு டிகிரி கூட. மூத்தவளுக்கு ஏழு வயது. அவளுக்கு அது அரண்மனை. அப்பத்தாவை உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொண்டு கதை கேட்பாள்.

கைக்குழந்தைக்குப் போர்வை போடவே கூடாது. முகத்தின் மேல் ஏறிவிட்டால் அவனால் விலக்கத் தெரியாது. தொட்டிலை ஒதுக்கிவிட்டு அவனுக்கென்று தனியாக ஒரு சின்ன மரக்கட்டில் வாங்கி, எங்கள் கட்டிலை ஒட்டிப் போட்டோம். கிழிந்த மெல்லிய கம்பளி ஒன்றை வெட்டி, உட்புறம் பழைய வேட்டித் துணி வைத்து, கையில்லாத பை ஒன்று தைத்தேன். கால் பக்கம் மூடியிருக்கும், கழுத்தும் கைத்துளையும் அளவாக இருக்கும், தோளில் பட்டன். கழுத்து வட்டம் தலை உள்ளே நழுவாத அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். அவனுக்குக் குளிர்கிறதா என்று கையையும் மூக்கையும் தொட்டுப் பார்த்தால் தெரியாது, அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் இரண்டு விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் போதும். வியர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் கழற்ற வேண்டும்.

வெந்நீர் பை பெரியவர்களுக்கு மட்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், முக்கால் பாகம் நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடி, துணி உறை போட்டு, படுப்பதற்கு அரை மணி முன்பே கால்மாட்டில் வைத்துவிடுவேன். அத்தைக்குச் சர்க்கரை உண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைவு. சுட்டாலும் அவருக்குத் தெரியாது. அதனால் அவர் படுத்ததும் பையை எடுத்துவிட்டு இரண்டு கம்பளி சாக்ஸ் போட்டுவிடுவேன்.

இனி குளியல். குளிர் என்று குளிக்காமல் விட்டால் அரிப்பும் தோல் தொல்லையும் வந்துவிடும். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுவர 0.7 யூனிட் கரண்ட் வேண்டும். ஆயிரம் வாட் ராடு முக்கால் மணி நேரம் ஓட வேண்டும். ஐந்து பேருக்கு என்று கணக்குப் பார்த்தால் அந்த ஒயரிங்கை நம்பி அதைச் செய்ய மனம் வரவில்லை, ஓடித்திரியும் குழந்தையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஊர் வீட்டுப் பரணில் மாமனார் காலத்துத் தாமிர பாய்லர் ஒன்று கிடந்தது. நடுவே நெருப்புக் குழாய், சுற்றிலும் தண்ணீர், கீழே சாம்பல் தட்டு. 30 லிட்டர் பிடிக்கும். பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்தோம்.

தண்ணீர் ஊற்றினால் குழாய் சேரும் இடத்தில் ஒழுகியது. ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. பாய்லரை நிரப்பி ஒரு ராத்திரி செய்தித்தாள் மேல் நிறுத்தினேன். காலையில் ஈரம் எங்கிருந்து கிளம்பியது என்று தாளே காட்டிக்கொடுத்தது. பித்தளைக் குழாய் சேரும் ஈயப்பற்றில் மயிரிழைப் பிளவு. அந்த இடத்தைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துச் செம்பு நிறம் வரும்வரை சுத்தம் செய்து, பாத்திரப் பட்டறையில் கொடுத்துப் புதிதாக ஈயம் வைத்துப் பற்ற வைத்தோம். குழாய் மறையில் டெஃப்லான் டேப் நாலு சுற்று. பட்டறைக்காரர் ஒன்று சொல்லி அனுப்பினார்: தண்ணீர் நிரப்பாமல் நெருப்புப் போடவே கூடாது. தண்ணீர் இருக்கும்வரை செம்பு அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடும், ஈயம் தாங்கும். தண்ணீர் வற்றினால் கொஞ்ச நேரத்தில் ஈயம் உருகி, பற்றவைத்த இடமெல்லாம் விட்டுப்போகும். அதனால் எப்போதும் கால்பங்கு மிச்சம் வைத்துத்தான் பிடிப்போம்.

பாய்லர் கொல்லையில், இரண்டு பக்கம் திறந்த சாய்ப்புக்கு அடியில் நிற்கிறது. பற்றவைக்கக் கற்பூர மரத்தின் (இங்கே யூகலிப்டஸை அப்படித்தான் சொல்வார்கள்) காய்ந்த இலையும் உரிந்த பட்டையும் போதும். எண்ணெய்ப் பசை உள்ளதால் ஒரு தீக்குச்சியில் பிடித்துக்கொள்ளும். எரிக்கச் சீகை (வாட்டில் மரம்) விறகு, இரண்டு விரல் கனத்துக்குப் பிளந்தது. பச்சையாக வாங்கிய முதல் கட்டு வெறும் புகைதான். தண்ணீரை ஆவியாக்குவதிலேயே அதன் சூடு போய்விடுகிறது. அடுத்த கட்டிலிருந்து சாய்ப்புக்கு அடியில் ஒரு மாதம் அடுக்கிக் காயவைத்த பிறகே எடுத்தோம். நன்றாகக் காய்ந்த விறகில் 35 நிமிடத்தில் வெந்நீர் தயார்.

வெந்நீர் இருந்தாலும் குளிக்கப் பயம் வருவது குளித்த பிறகு வரும் நடுக்கத்தால். குளியலறை நடுவே கயிறு கட்டி, மூன்றடிக்கு மூன்றடி இடத்தைப் பிளாஸ்டிக் திரையால் மறைத்தேன். கீழே சிமென்ட் தரையில் கால் படாமல் ஒரு மரப் பலகை. முதல் சொம்பைப் பலகையிலும் சுவரிலும் ஊற்றிவிட்டால் அந்தச் சின்ன இடம் ஆவியால் நிறைந்து கதகதப்பாகிவிடும். துண்டு உள்ளேயே தொங்க வேண்டும். திரைக்கு வெளியே வருவதற்குள் உடம்பு முழுக்கத் துடைத்து உள்சட்டையும் போட்டிருக்க வேண்டும். எல்லோரும் முடித்ததும் குளியலறைக் கதவைச் சாத்தி வெளி ஜன்னலைத் திறந்துவிடுவோம். அந்த ஆவி ஒரு துளிகூட வீட்டுக்குள் வரக் கூடாது.

நேரத்தையும் மாற்றினோம். விடியற்காலைக் குளியல் என்ற ஈரோட்டுப் பழக்கத்தை விட அத்தைக்குத்தான் கஷ்டமாக இருந்தது. குளிக்காமல் விளக்கேற்ற மாட்டேன் என்றார். ஒரு வாரம் ஆறு மணிக்கே குளித்துவிட்டுக் கை விரல் நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் மதியம் குளித்து மாலையில் விளக்கேற்றுவது என்று அவரே முடிவெடுத்தார். வாரம் இரண்டு நாள் பன்னிரண்டு மணிக்கு முழுக் குளியல், மற்ற நாட்களில் வெயில் விழும் நாற்காலியில் உட்காரவைத்து வெந்நீர்த் துண்டால் துடைப்பு. முகம், கழுத்து, அக்குள், மடிப்புகள், கடைசியில் கால் விரல் இடுக்கு. துடைக்கும் இடம் மட்டும் திறந்திருக்க வேண்டும். ஒரு ஈரத்துண்டு போனதும் பின்னாலேயே காய்ந்த துண்டு வர வேண்டும். அரை வாளியில் முடிந்துவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடுவதால் இங்கே பாட்டிலைக் கவிழ்த்தாலும் வராது. நல்லெண்ணெய் உறையாது. துடைத்த கையோடு அதைத் தேய்த்துவிட்டால் குளிர்காற்றில் தோல் வெடிக்காது. தலைக்குக் குளிப்பது எல்லோருக்கும் ஞாயிறு மதியம் மட்டும், வெயில் இருந்தால் மட்டும்.

துணிதான் பெரிய போராட்டம். குழந்தைத் துணிகளைப் பதினோரு மணிக்குள் துவைத்துவிட வேண்டும், மூன்றரைக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் கொடியில் விட்டால் காய்ந்த துணியே மறுபடி ஈரமாகும். பிழிந்த துணியைக் காய்ந்த பெரிய துண்டில் வைத்துப் பாய் போலச் சுருட்டி, அதன் மேல் ஏறி மிதித்தால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். மூத்தவளின் வேலை அது, குதித்துக் குதித்துச் செய்வாள். மூடுபனி நாளில் துணியெல்லாம் பாய்லர் சாய்ப்புக் கொடிக்குப் போகும். படுக்கையறையில் ஒரு கைக்குட்டைகூடக் காயக் கூடாது என்பது சட்டம். கம்பளியையும் ரஜாயையும் இங்கே துவைத்தால் காயாது. அதனால் பழைய நூல் சேலைகளில் உறை தைத்துப் போட்டு, உறையை மட்டும் வாரம் ஒருமுறை துவைத்தேன். கம்பளி வெயிலில் காய்ந்து தட்டினால் போதும். பாத்திரத்துக்கு பாய்லர் சாம்பல். எண்ணெய்ப் பிசுக்கு குளிர்நீரில் உறைந்து ஒட்டிக்கொள்ளும், சாதம் வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றிச் சாம்பலால் தேய்த்தால் ஒரே முறையில் போய்விடும்.

ஜனவரி 19 காலை வெளியே புல்லெல்லாம் வெள்ளை. நோட்டில் அன்றைய அளவு: வெளியே 1.2, அறைக்குள் 14.9, ஈரப்பதம் 66. அத்தைதான் முதலில் எழுந்து ஜன்னல் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "காஞ்சிருக்குது அம்மணி" என்றார்.

பிப்ரவரி கடைசி ஞாயிறு கூடாரத்தைப் பிரித்தோம். சேலைகளைத் துவைத்து மடித்தாயிற்று. கம்பளிகளை மூன்று நாள் நல்ல வெயில் காட்டி, ஆறிய பிறகு வேப்பிலை போட்டுத் தகரப் பெட்டியில் அடுக்கினேன். சூடாக இருக்கும்போதே மூடினால் உள்ளே வேர்த்துவிடும். மழைக்காலத்துக்குப் பாய்லர் வேண்டும் என்பதால் அதை மட்டும் எடுத்து வைக்கவில்லை. வடக்கு அறைக்கு மேலே ஷீட் விரிக்கும் வேலை பாக்கி இருக்கிறது. அக்டோபருக்குள் அதை முடிக்க வேண்டும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.